மிச்சம் பிடித்த புள்ளி

ஏப்ரல் 3

பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை முதல் எங்கள் வீட்டில் சட்னிக்குத் தாளிப்பது ரத்து செய்யப்படுகிறது. கடுகு, உளுந்து, கறிவேப்பிலை ஆகிய மூவரும் மறு உத்தரவு வரும்வரை டப்பாவை விட்டு வெளியே வரக் கூடாது. உத்தரவிட்டவர்: பெருமாள்சாமி, பிழை திருத்துநர் (ஓய்வு). என் அப்பா.

நானும் ஒரு கடுகுதான். இடது காலில் முட்டிவரை மாவுக்கட்டு. மே மாதம் பாதி வரைக்கும் டப்பாவுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து ஊரே விளையாடுகிறது. தவசிமுத்து என்று பெயர் வைத்தபோதே யோசித்திருக்க வேண்டும். பெயரில் இருந்த தவம் காலுக்கு இறங்கிவிட்டது.

கால் எப்படி உடைந்தது என்று வருங்காலம் கேட்கும். எழுதி வைக்கிறேன். என் நண்பன் ஆரோன் அடித்த சிக்ஸர். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டப் பார்த்தது. நான் சுவர் மேல் தாவி, அந்தரத்தில் பிடித்து, அந்தப் பக்கம் விழுந்தேன். பந்தை விடவில்லை. அவுட்.

ஏப்ரல் 5

ஓய்வூதியம். பிரித்து எழுதுக. ஓய்வு + ஊதியம். அப்பா விஷயத்தில் ஓய்வு வந்துவிட்டது. கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம் பி.எஃப். பென்ஷன் என்று கொஞ்சம் வரும். வந்த செருப்போடு வாடகைக்குப் போய்விடும்.

சிவகாசியில் டைரியும் காலண்டரும் அடிக்கிற அச்சகத்தில் அப்பாவுக்கு முப்பது வருட வேலை. ஒற்று மிகும் இடம், மிகாத் இடம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. (‘மிகாத்’ என்று வேண்டுமென்றே எழுதினேன். எட்டிப் பார்த்தால் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.) மார்ச் கடைசி நாளில் முதலாளி சால்வை போர்த்தி, இரண்டு கட்டு டைரியும் கொடுத்து அனுப்பினார். அதில் ஒன்றுதான் இது. அந்த அச்சகத்தில் இதற்கு முன் யாருக்கும் ஓய்வு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுபது வயது பைண்டர் தாத்தா இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு.

விழாவுக்கு நானும் போயிருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மறுநாளே ‘எளிய வாழ்வுத் திட்டம்’ அமலுக்கு வந்தது. பேப்பர் நின்றது. கேபிள் நின்றது. மத்தியானம்வரை ஃபேன் நின்றது. ஓடிக்கொண்டிருந்ததில் நிற்காதது என் வாய் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோழி நின்றதுதான் தாங்கவில்லை. ‘சிக்கனம்’ என்ற சொல்லுக்குள் சிக்கன் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குள் இல்லை.

இன்று வாசலுக்கும் உத்தரவு வந்தது.

“பூங்கனி, இருபத்தோரு புள்ளிக் கோலம் எதுக்கு? மாவு என்ன சும்மாவா வருது? ஏழு போதும்.”

அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாவிட்டால் அப்பா அதைச் சம்மதம் என்று வாசித்துக்கொள்வார். முப்பது வருடம் பிழை பார்த்த கண்.

ஏப்ரல் 8

வெயில். சுவரில் பல்லி. அதற்கு நாலு கால், எனக்கு ஒன்று, அப்பாவுக்கு இரண்டு. மூவரும் நகரவில்லை.

ஏப்ரல் 10

எங்கள் வீடு ஒன்றரை அறை. அரை அறையில் அம்மா சமைக்கிறாள். ஒரு அறையில் ஜன்னலோரம் கட்டிலில் நான், எதிரே நாற்காலியில் அப்பா. ஜெயிலில்கூடக் காவல்காரருக்கு ஷிப்ட் மாறும்.

காம்பவுண்டில் எங்களோடு சேர்த்து ஆறு வீடு. நடுவில் முற்றம், முன்னால் கேட், கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் முறை எழுதிப்போடும் கரும்பலகை. அப்பா பலகை வரைக்கும் போவார். கேட்டைத் தாண்ட மாட்டார். எனக்காவது கட்டு வெளியே தெரிகிறது.

காரணம் சொல்கிறேன். இந்த டைரியில் ஏப்ரலுக்கு முப்பத்தொரு நாள். ஆமாம், அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அப்பா. ஆயிரக்கணக்கில் அடித்து ஊர் ஊராகப் போன டைரி, போன வேகத்தில் திரும்பி வந்தது. டீக்கடையில் அவருக்கு இப்போது ‘முப்பத்தொண்ணு’ என்று பெயர் என்கிறான் ஆரோன். அவன் அப்பா அதே அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்.

நேற்று எதிர்வீட்டுக் காளிராஜ் மாமா வந்து பத்திரிகை வைத்தார். மகளுக்குக் காது குத்து.

“அண்ணாச்சி, குடும்பத்தோட வந்துரணும்.”

“பாப்போம் காளி.”

அவர் போனதும் அப்பா சொன்னார்: “போனா மொய் எழுதணும். போகாட்டி அது மிச்சம்.”

“டீக்கடைக்குப் போகல, அது மிச்சம். விசேஷத்துக்குப் போகல, அது மிச்சம்” என்றாள் அம்மா. “இப்படியே போனா மனுசங்கள்ல யாருங்க மிச்சம் இருப்பா நமக்கு?”

அப்பா எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் பார்த்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. இன்னொரு முறை அணைத்தார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடை இல்லாத வருடப் பிறப்பு. ‘வடை’க்கு எதுகை ‘தடை’ என்று சொன்னேன். அப்பா அதை ரசிக்காமல், இரண்டும் சரிதான் என்று மார்க் போட்டார்.

அப்பா இப்போது தினமும் பலகையில் ஒரு சிக்கனக் குறிப்பு எழுதுகிறார். அச்சு எழுத்து தோற்றுவிடும். இன்று: ‘அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுக.’ கடைசி வீட்டுச் செல்லக்கிளி அத்தை குடத்தோடு நின்று வாசித்தாள்.

“அண்ணாச்சி, ஊத்துறதெல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு எதை நிப்பாட்டணும், அதைச் சொல்லுங்க.”

முற்றம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

ஏப்ரல் 16

காது குத்துக்கு அம்மா தனியாகப் போய்வந்தாள். ‘அண்ணாச்சி எங்க?’ என்று வழி நெடுகக் கேட்டார்களாம். கால்வலி என்று சொன்னாளாம். வீட்டில் ஒரு காலைத்தான் உடைத்தேன், அம்மா இன்னொன்றையும் உடைத்துவிட்டாள்.

ஏப்ரல் 19

ஞாயிறு. அம்மாவுக்குக் கண் சிவந்திருந்தது. கேட்டேன். வெங்காயம் உரித்தேன் என்றாள்.

இன்று ரசமும் துவையலும். வெங்காயம் இல்லை.

ஏப்ரல் 21

அரிக்கிறது. கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன். ஸ்கேல் பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த வீட்டில் ஒரு பொருள் உள்ளே போனால் வெளியே வராது.

அப்பாவின் சால்வை இன்னும் மடித்த மடிப்போடு பீரோ மேல் கிடக்கிறது. அது எதற்காகவாவது ஆகும் என்று அம்மா எடுக்கப்போனாள். “அது கிடக்கட்டும்” என்றார். அந்தக் குரலில் அவர் சாதாரணமாகப் பேசுவதில்லை.

ஏப்ரல் 24

இன்று வீட்டில் போர். நேரடி ஒளிபரப்பு.

“ஞாயித்துக்கிழமைன்னா நம்ம வீட்டுக் குழம்பு வாசத்துக்கு ஒருத்தராவது கிண்ணத்தோட எட்டிப்பாப்பாங்க. இப்ப ஒருத்தரும் வர்றதில்ல” என்றாள் அம்மா. “எனக்குப் பேச்சுத்துணைக்கு இந்த நொண்டிதான் இருக்கான்.”

நொண்டி ஆட்சேபித்தான். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

“வந்தா கேப்பாங்க” என்றார் அப்பா.

“என்ன கேப்பாங்க?”

அப்பா தரையைப் பார்த்தார்.

“என்ன கேப்பாங்கன்னு நானும் ராத்திரி பகலா யோசிக்கேன். முப்பத்தொண்ணைக் கேப்பாங்க. கேக்கட்டுமே! நாள் ஒண்ணு கூடிப்போச்சு. யாரோட நாளையும் நீங்க குறைக்கலையே?”

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான். பல்லிகூட நகர்ந்தது.

வெகுநேரம் கழித்து அப்பா, “சரி, கூப்பிடுவோம்” என்றார். “ஆனா செலவில்லாம. கம்பங்கூழ், கீரை, மோர் மிளகாய். கொஞ்சத்துல எப்படி நல்லாச் சாப்பிடலாம்னு காட்டுவோம்.”

“கேட்டுக்கு வெளிய போய் நாலு பேரை வாயால கூப்பிடுங்க.”

“எழுதிப்போடுறேன்.”

எழுதிப்போட்டார். ஜன்னலிலிருந்தே படிக்க முடிந்தது: ‘வரும் ஞாயிறு நண்பகல் எங்கள் இல்லத்தில் சிக்கன விருந்து. அனைவரும் வருக. – பெருமாள்சாமி குடும்பத்தார்.’

ஒருத்தரும் வரப்போவதில்லை. கூழ் அவரவர் வீட்டிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 25

வரலாறு! வரலாறு!

என் வாழ்நாளின் தலைசிறந்த சேட்டை இன்று நிறைவேறியது. தமிழ் மொழியில் மட்டும்தான் இது சாத்தியம். ‘சிக்கன விருந்து’. அந்த ‘ன’வின் தலையில் ஒரே ஒரு புள்ளி. இப்போது படியுங்கள்: ‘சிக்கன் விருந்து’!

செய்முறை: விடியற்காலை, எல்லோரும் தூங்கும்போது, ஊன்றுகோலோடு பூனைபோல் முற்றத்தைக் கடந்தேன். சாக்பீஸ் எடுத்தால் சத்தம் வரும். அதனால் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டி, அந்தப் பொடியை விரல் நுனியில் தொட்டு வைத்தேன். உடைந்த காலால் எழுதிய ஒரே தமிழன் நான்தான். இனி என்னைச் சாதாரணப் புள்ளி என்று நினைக்க வேண்டாம். பெரும்புள்ளி.

இட்லி அவிவதற்குள் செய்தி ஆறு வீட்டுக்கும் போய்விட்டது. காளிராஜ் மாமா ஜன்னல் வழியாகவே கத்தினார்: “அண்ணாச்சி, காது குத்துக்கு வரலன்னு கோவத்துல இருந்தேன். கோழின்னதும் போயிருச்சு. சுக்காவா, குழம்பா?”

“மதினி கைக்குழம்பு தின்னு ஒரு மாசமாச்சு. நாளைக்கு நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள் செல்லக்கிளி அத்தை.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பலகைக்குப் போனார். கையில் அழிக்கிற துணி. புள்ளியைக் கிட்டத்தில் பார்த்தார். விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு திரும்பி, எங்கள் வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். என் கைவண்ணத்தில் மலைத்துப்போனார் என்று நினைக்கிறேன்.

துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: “என்ன, பிழையா?”

“இல்ல” என்றார் அப்பா. “சரியாத்தான் இருக்கு.”

 அவர் அதை அழித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியிருக்கலாம். இல்லையென்றால் நாளை கோழி வாங்கக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். கறிக்கடைக்கு வழி அச்சகத்து முன்னால்தான்.

ஏப்ரல் 26

காலையில் அப்பா சட்டை போட்டார். கழற்றினார். வேறு சட்டை போட்டார். அம்மா மஞ்சள் பையை எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். கேட் கம்பியில் கைவைத்து நின்றார். தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பிழை பார்க்கிறார் போல என்று ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வரவில்லை.

போனார்.

வெகுநேரம் ஆளைக் காணோம். கறிக்கடை பக்கத்தில்தான். அம்மா இஞ்சி தட்டினாள். தட்டியதையே திரும்பத் தட்டினாள். பிறகு குழவியை வைத்துவிட்டுக் கேட்டருகே போய் நின்றாள். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கேட்டையே பார்த்தேன். பசி என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்தார். பையில் கோழி இருந்தது. முகத்தில் வேர்வை.

“எங்க போனீங்க இவ்வளவு நேரம்?”

“டீ குடிச்சேன்.”

“காசு கொடுத்தா?”

“கேளு. கடை வாசல்ல நம்ம பழைய ஆளுக எல்லாம் நிக்கான். ஒருத்தன், ‘வாங்க முப்பத்தொண்ணு’ன்னான்.”

அம்மா பையை வாங்கக்கூட மறந்து நின்றாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“‘ஏலே, எந்த முதலாளியாவது உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாக் கொடுத்திருக்கானா? நான் கொடுத்தேன். அதுக்கு ஒரு டீ வாங்கித் தர மாட்டீங்களா?’ன்னேன்.” அப்பா மூச்சு வாங்கினார். “வாங்கித் தந்தான். வடையும் தந்தான்.”

அம்மா சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெங்காயம் இன்னும் உரிக்கவில்லை.

மத்தியானம் ஆறு வீடும் முற்றத்தில். அப்பா வாசலில் நின்று அறிவித்தார்: “எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். கோழி ஒண்ணுதான். குழம்பு நிறைய.”

 செல்லக்கிளி அத்தை எழுந்து போனாள். கோபம் என்று நினைத்தேன். சோற்றுப் பானையோடு வந்தாள். அதைப் பார்த்து ஒருவர் அப்பளம் எடுத்துவந்தார், இன்னொருவர் மோர். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு அம்மா அந்த ஒற்றைக் கோழியை ஊருக்கே நீட்டிவிட்டாள். கடைசியில் எண்ணெயில் கடுகு வெடித்தது. டப்பாவிலிருந்து விடுதலை! அந்தச் சத்தத்தை நான் கட்டிலிலிருந்து கைதட்டி வரவேற்றேன்.

“அண்ணாச்சி, எனக்கு வந்தது எலும்பா, முருங்கைக்காயா?” என்றார் காளிராஜ் மாமா.

“ரெண்டும் சப்பித் துப்புறதுதானே காளி. எதுவா இருந்தா என்ன?”

சிக்கன சிக்கன். ஃபேன் முற்றத்தில் கிடையாது. ஒருத்தருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 28

ஆரோன் வந்தான். புள்ளி வைத்த வீரக்கதையை மூன்றாம் முறையாகச் சொன்னேன். இந்த முறை வழியில் ஒரு நாயும் துரத்தியது.

ஏப்ரல் 30

அப்பா காலையில் பேப்பர் படிக்க டீக்கடைக்குப் போகிறார். பேப்பர் அங்கே இலவசம். தலைப்பில் நாலு பிழை கண்டுபிடித்துக் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு வந்தாராம். பலகையில் இன்று செல்லக்கிளி அத்தையின் கோணல் எழுத்து: ‘ஞாயிரு எங்க வீட்ல மீன் கொழம்பு. சோறு அவங்கவங்க கொண்டு வரணும்.’ அப்பா துணியோடு போய் ‘ரு’வை ‘று’ ஆக்கினார். ‘கொழம்பு’வை விட்டுவிட்டார். அது அப்படித்தான் ருசிக்குமாம்.

ஃபேன் இன்னும் மத்தியானம்வரை நிற்கத்தான் செய்கிறது. பேப்பர், கேபிள், வடை எதுவும் வீட்டுக்குத் திரும்பவில்லை. கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது. அதற்குச் செலவில்லை.

ஏப்ரல் 31

உலகத்துக்கு இன்று மே ஒன்று. எனக்குப் பக்கம் இருக்கிறது, எழுதுகிறேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். “என்னடா, இன்னைக்கு என்ன தேதி போட்ட?”

வாய் தவறி, “முப்பத்தொண்ணு” என்றேன். நாக்கைக் கடித்தேன்.

கொஞ்சம் பார்த்தார். பிறகு, “அப்ப தாராளமா எழுது. இல்லாத நாள்ல எழுதினது எதுவும் செல்லாது” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

செல்லாது என்பதால் உண்மையை எழுதலாம்.

ஒன்று. சிக்ஸர் கிடையாது, சுவர் கிடையாது. அப்பாவின் வழியனுப்பு விழாவுக்கு முதன்முதலாக வேட்டி கட்டிப் போனேன். அவருக்குப் போட மாலையை எடுத்துக்கொண்டு மேடைப் படி ஏறும்போது என் வேட்டியை நானே மிதித்து விழுந்தேன். மாலை என் கழுத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் அங்கே அப்பாவை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுமட்டும் நல்லதுதானோ என்று சில சமயம் தோன்றும்.

இரண்டு. அந்தப் புள்ளி.

எனக்கு யோசனை வந்தது உண்மை. வெள்ளிக்கிழமை ஊன்றுகோலோடு கிளம்பி, எங்கள் வாசற்படிவரை வந்து, படி இறங்கப் பயந்து திரும்பிவிட்டேன். மறுநாள் விடிகிற நேரம் வாசல் தெளிக்கிற சத்தத்தில் விழித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா ஏழு புள்ளி வைத்துக் கோலத்தை முடித்துவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் மாவோடு எழுந்தாள். நேராகப் பலகைக்குப் போனாள். குதிகாலை உயர்த்தி ஒரு புள்ளி. கோலத்துக்கு வைப்பது போலவே, அளவாக. திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

“என்னடா முழிக்க? ஏழு போதும்னாருல்ல உங்கப்பா” என்றாள். “மிச்சம் பிடிச்ச புள்ளிய எங்கயாவது வைக்கணும்ல?”

அப்பா திட்டினால் பழியை நான் ஏற்றுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அதற்குத்தான் அவ்வளவு பெருமையாக எழுதியும் வைத்தேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. சாக்பீஸ் தூளுக்கும் கோலமாவுக்கும் விரலில் வித்தியாசம் தெரியாதவரா அவர்?

ஆரோனிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நாயை வேறு எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை.

ஆக, பெரும்புள்ளி ஆகிய நான் இந்த மாதம் முழுக்க வைத்தது ஒரே வகைப் புள்ளிதான். அதில் ஒன்று இதோ, இந்த வரியின் கடைசியில் இருக்கிறது.